முன்னோரை உள்ளபடி நினைத்தல்

அமாவாசையன்று எள்ளும் நீரும் விட்டுத் தர்ப்பணம் செய்பவர், பிதா, பிதாமகர், பிரபிதாமகர் என மூன்று தலைமுறையினரைக் கோத்திரமும் பெயரும் சொல்லி அழைக்கிறார். பிதாமகி, பிரபிதாமகி என்று அவ்வில்லத்துப் பெண்களும் அவ்வாறே அழைக்கப்படுகின்றனர். அதற்கு முற்பட்டவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை; அவர்கள் பித்ருக்கள் என்ற பொதுப்பெயரில் அடங்கிவிடுகிறார்கள். ஆனால் பெயர் சொல்லப்படும் அந்த மூவரைப் பற்றியாவது நமக்கு எவ்வளவு தெரியும்? அவர் எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார், கடைசி நாட்களில் என்ன சொன்னார் என்று கேட்டால் பெரும்பாலான இல்லங்களில் ஒரே விடைதான் கிடைக்கும்: 'நல்லபடியாக வாழ்ந்தார், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.'

சிராத்தம் என்ற சொல் சிரத்தையிலிருந்து பிறந்தது. சிரத்தை என்றால் நம்பிக்கை, ஈடுபாடு என்று பொருள் கொள்கிறோம். ஆனால் வேதச் சொற்களைத் தொகுத்துத் தரும் நிகண்டு, 'ச்ரத்' என்பதை வாய்மையைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அப்படியானால் முன்னோரை நினைப்பதில் வாய்மைக்கும் இடம் இருக்க வேண்டும். இது எளிதன்று. எவ்வளவு கடினம் என்பதை வங்காளத்தில் ஒரு பேரன் தன் பாட்டியைப் பற்றி எழுதி வைத்த சில பக்கங்களிலிருந்து அறியலாம்.

அந்தப் பேரன் மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் (1817–1905). கவி ரவீந்திரநாதரின் தந்தை. பிரம்ம சமாஜத்தின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய அவர் முதுமையில் தம் வரலாற்றை வங்காளியில் எழுதினார். பெரியோர் பலரின் வரலாறுகள் பிறந்த ஊர், குலப்பெருமை என்று தொடங்கும். இந்நூலோ, பாட்டிக்குத் தம்மீது இருந்த அன்பைச் சொல்லித் தொடங்குகிறது.

பாட்டியின் பெயர் அலகாசுந்தரி. தேவேந்திரநாதரின் தந்தை துவாரகாநாதர் அவர் வயிற்றில் பிறந்தவர் அல்லர், சுவீகாரமாக வந்தவர். ஆகவே பேரனுக்கும் அவருக்கும் நேரடி இரத்த வழி இல்லை. ஆயினும் குழந்தைப் பருவத்தில் உண்பதும் உறங்குவதும் அவர் அருகில்தான். அவர் நாள்தோறும் அதிகாலையில் கங்கையில் நீராடுவார். சாளக்கிராமத்துக்குத் தம் கையாலேயே மாலை தொடுப்பார். சில நாட்களில் சூரிய விரதம் பூண்டு உதயம் முதல் அஸ்தமனம் வரை அர்க்கியம் விடுவார். மொட்டைமாடி வெயிலில் பேரனும் உடன் இருப்பான். கேட்டுக் கேட்டே அம்மந்திரங்கள் அவனுக்குப் பழகிப்போயின. வீட்டார் அனைவரும் உண்டபின் அவர் தாமே சமைத்து உண்ணும் ஹவிஷ்யான்னத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. தனக்கென்று சமைத்த உணவைவிட அதுவே அவனுக்குச் சுவையாக இருந்தது. அத்தனை பக்தி இருந்தும், குருஸ்தானத்திலிருந்த பெண்மணி அடிக்கடி வீட்டுக்கு வருவதை அவர் விரும்பவில்லை என்பதையும் பேரன் சொல்லத் தவறவில்லை. இத்தகைய சிறு செய்திகளில்தான் ஒரு மனிதர் நம் கண்முன் வந்து நிற்கிறார்.

இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, தம்மிடம் உள்ளதையெல்லாம் பேரனுக்கே தருவதாகச் சொல்லித் தம் பெட்டியின் சாவியைப் பாட்டி கொடுத்தார். திறந்து பார்த்தால் ரூபாய்களும் பொன் மொகராக்களும்! அவனோ, பொரியும் வெல்லப்பொரியும் கிடைத்தன என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

நூலில் அடுத்து வருவது அவர் மரணம். அவர் மரணப் படுக்கையில் கிடந்தது சக ஆண்டு 1757-இல், அதாவது கி.பி. 1835-இல் என்று நூல் குறிக்கிறது. துவாரகாநாதர் அப்போது அலகாபாத் சென்றிருந்தார். நோயாளியை இனி வீட்டில் வைத்திருக்கலாகாது என்றார் வைத்தியர். உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரைக் கங்கைக் கரைக்குக் கொண்டு செல்வது அந்நாளைய வங்காள வழக்கம். அது புண்ணியம் என்றே கருதப்பட்டது. ஆனால் அலகாசுந்தரிக்கு இன்னும் வாழ விருப்பம் இருந்தது. கங்கைக்குப் போக அவர் உடன்படவில்லை. துவாரகாநாதர் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் உங்களால் என்னைத் தூக்கிச் செல்ல முடிந்திருக்காது என்று முறையிட்டார். யாரும் செவிசாய்க்கவில்லை. விருப்பத்துக்கு மாறாகக் கொண்டு போவதால் தாமும் எளிதில் சாகப்போவதில்லை, உங்களைத் துன்புறுத்தத்தான் போகிறேன் என்றார் அவர். சொன்னபடியே நிம்தலா படித்துறையருகே ஓட்டுக் கூரைக் கொட்டகையில் மூன்று இரவுகள் உயிரோடு இருந்தார்.

பதினெட்டு வயதுப் பேரனும் அங்கேயே இருந்தான். அந்தக் கடைசி இரவு பௌர்ணமி. சுடுகாடு அருகில். கொட்டகையில் பாட்டிக்காகப் பாடப்பட்ட ஹரிநாமம் காற்றில் மெல்ல மிதந்து வந்தது. முரட்டு மூங்கிற்பாயில் அமர்ந்திருந்தவனுக்குத் திடீரென்று உலகப் பொருள்கள் எல்லாம் நிலையற்றவை என்ற உணர்வு எழுந்தது. செல்வத்தின்மீது வெறுப்பு, அந்தப் பாயே தனக்குத் தகுந்த ஆசனம் என்ற எண்ணம், இதுவரை அறியாத ஆனந்தம். கல்கத்தாவின் பெருஞ்செல்வர் ஒருவரின் மகன் அன்றிரவு வேறொருவன் ஆனான். மறுநாள் காலை, மார்பில் வைத்த கையின் ஒரு விரல் மேல்நோக்கி இருக்க, ஹரிநாமம் சொல்லியவாறு பாட்டி உயிர் நீத்தார். தனக்கு அவர் இறைவனைச் சுட்டிக் காட்டிச் சென்றதாகவே பேரன் கொண்டான்.

இவ்விரு செய்திகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் எழுதியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விரல் வானைக் காட்டியதை மட்டும் சொன்னால் புனிதமான ஒரு மரணக் காட்சி கிடைத்திருக்கும். முறையீட்டை மட்டும் சொன்னால் மூடவழக்கத்தைக் கண்டிக்கும் சீர்திருத்தக் கட்டுரை ஆகியிருக்கும். தேவேந்திரநாதர் இரண்டையும் வைத்தார். ஒன்றால் மற்றொன்றை மறைக்கவில்லை. தமக்கு ஆன்மிக வாழ்வின் வாசல் திறந்த அதே இடத்துக்குத் தம் பாட்டி மனமின்றிக் கொண்டுவரப்பட்டார் என்பதை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் மென்மைப்படுத்தவில்லை. தந்தை ஊரில் இல்லாத அந்நாளில் வீட்டின் மூத்த மகனான தாம் ஏன் தடுக்கவில்லை என்பதைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் படிப்பவர் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்வது முறையாகாது.

அந்த ஆனந்தமும் நிலைக்கவில்லை. சிராத்த ஆரவாரம் முடிந்தபின் அதை மீண்டும் தேடியபோது கிடைக்கவில்லை; துயரமே மிஞ்சியது. தம் உடைமைகளைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தும் மனம் ஆறவில்லை. பின்னர் தற்செயலாகக் கண்ட ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் ஓர் ஏடே அவருக்கு வழி காட்டியது. 1839-இல் தத்துவபோதினி சபை தோன்றியது. 1846-இல் துவாரகாநாதர் லண்டனில் காலமானபோது, சாளக்கிராமத்தை வைத்துச் சிராத்தம் செய்ய மறுத்து, உபநிஷத நெறியில் தானம் மட்டும் அளித்தார். உறவினர் பலர் விலகினர். பாட்டி மாலை சூட்டிய சாளக்கிராமத்தை ஏற்க மறுத்தவர்தாம், அவர் மாலை தொடுத்த காலைகளை அவ்வளவு கனிவோடு எழுதினார். முன்னோரை நினைப்பது அவர் செய்ததையெல்லாம் திரும்பச் செய்வதுதான் என்று எண்ணுவோர் இதைச் சற்று நின்று பார்க்கலாம்.

அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் அவருடைய மகன் சத்யேந்திரநாதரும் பேத்தி இந்திராதேவியும்; லண்டன் பதிப்பு 1914-இல் வெளிவந்தது. தர்ப்பணக் கணக்கின்படி அலகாசுந்தரி, சத்யேந்திரநாதருக்குப் பிரபிதாமகி, வரிசையின் கடைசிப் பெயர். இந்திராதேவியின் தலைமுறைக்கு அவர் அந்த வரிசையிலேயே இல்லை. கங்கைக் கரைக்குப் போகமாட்டேன் என்ற அவருடைய முறையீடு அவ்விருவரின் மொழிபெயர்ப்பிலும் அதே இடத்தில் இருக்கிறது.