பனிக்கு ஒரு கணக்கு

இமாச்சலப் பிரதேசத்தில், உயர்ந்த மலைகளுக்கு நடுவே, சோட்டா சிக்ரி என்ற பனியாறு இருக்கிறது. அதன் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். பல ஆண்டுகளாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, மெல்ல மெல்லக் கீழே நகர்கிறது. அதுதான் பனியாறு.

இந்தப் பனி கூடுகிறதா? குறைகிறதா? 2002 ஆம் ஆண்டு முதல் விஞ்ஞானிகள் அளந்து வருகிறார்கள்.

பனியில் ஆழமாகத் துளை போடுகிறார்கள். அதில் மூங்கில் கழிகளை இறக்குகிறார்கள். கழி வெளியே 1 மீட்டர் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 3 மீட்டர் தெரிகிறது. அப்படியானால் அந்த இடத்தில் 2 மீட்டர் பனி உருகிவிட்டது.

மேல்பகுதியில் குழி தோண்டி, புதிதாகச் சேர்ந்த பனியை அளக்கிறார்கள். சேர்ந்தது வரவு. உருகியது செலவு.

பெரும்பாலான ஆண்டுகளில் செலவே அதிகம். பூமி சூடாகி வருவதே முக்கியக் காரணம். அதனால் பனியாறு மெலிகிறது. அதன் கீழ்முனையும் பின்வாங்குகிறது.

உருகிய நீர் சந்திரா ஆற்றில் சேர்ந்து, பிறகு செனாப் ஆறாக ஓடுகிறது. பனி வேகமாக உருகினால், முதலில் தண்ணீர் கூடுதலாக வரும். ஆனால் அது கைமுதலை எடுத்துச் செலவு செய்வது போன்றது. முதல் கரைந்தால், கோடையில் ஆற்றுக்கு வரும் தண்ணீரும் குறையும்.

உங்கள் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை ஆண்டுதோறும் அளந்து எழுதி வைத்தால் என்ன தெரியும்? சேர்ந்து பேசுங்கள்.