காடு காத்ததா, மேடு காத்ததா?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் காரைக்கால் போலகத்துக் கைபேசிகளில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். அலையாத்திக் காடு, அதன்மேல் மோதி உடையும் பேரலை, கீழே கொட்டை எழுத்தில் ஒரு செய்தி: சுனாமியில் காடு இருந்த ஊர்கள் பிழைத்தன, காடு இல்லாத ஊர்கள் அழிந்தன, அலையின் விசையில் 90 சதவீதத்தை மரங்கள் தடுத்துவிடும், இதை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள். எந்த விஞ்ஞானிகள், எந்தக் கரையில் அளந்தார்கள், எந்த ஆண்டு எழுதினார்கள் என்ற விவரம் ஒன்றும் இருக்காது.

பேச்சுப் போட்டிக்கு வரும் பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஆசிரியர் என்ற முறையில் அதைத் திருத்திக் கொடுக்க வேண்டியவன் நான். ஒருமுறை ஒரு மாணவி, "இது நெசந்தானே சார்?" என்று கேட்டாள். மரம் நடச் சொல்லும் செய்திதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்குக் கிழக்கே பட்டினச்சேரி, அதற்கப்பால் கடல். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் காரைக்காலைச் சூழ்ந்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மரம் காப்பாற்றும் என்று நம்பி வளரும் பிள்ளை, அடுத்த முறை கடல் பொங்கும்போது மரத்துக்குப் பின்னால் நின்றுவிடக் கூடாது. அதனால் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதுதான் இன்று எந்த அறிவியல் சர்ச்சையைப் படித்தாலும் எனக்குக் கைகொடுக்கிறது.

முதலில் அந்த 90 சதவீதம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தேன். ஒரு செய்தியில் எண் இருந்தால் அதுவே நல்ல துப்பு. அந்த எண்ணையும் இரண்டு முக்கியச் சொற்களையும் ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடினால், பகிர்ந்தவர்களையெல்லாம் தாண்டி முதலில் சொன்னவரிடம் போய்ச் சேரலாம். அப்படி நான் போய்ச் சேர்ந்தது, 2005 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் டேனியல்சனும் கூட்டாளிகளும் எழுதிய சிறு கட்டுரை. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 90 சதவீதம் என்பது கடலூரில் யாரும் அளந்து சொன்னது கிடையாது. 100 சதுர மீட்டருக்கு 30 மரம் வீதம், 100 மீட்டர் அகலத்துக்கு ஒரு தோப்பு இருந்தால் அலையின் அழுத்தம் அந்த அளவுக்குக் குறையலாம் என்று கணக்கு மாதிரிகள் காட்டுவதாகத்தான் இருக்கிறது. 'குறையலாம்' என்பது கைபேசிக்கு வருவதற்குள் 'குறையும்' ஆகிவிட்டது. அன்றிலிருந்து எதைப் படித்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இது களத்தில் அளந்ததா, கணக்கில் வந்ததா, யாரோ சொல்லக் கேட்டதா? மூன்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பேசக் கூடாது.

அடுத்தது இன்னும் நெருக்கமான ஆய்வு. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் பேராசிரியராக இருந்த கதிரேசன், அலையாத்திக் காடுகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். அவரும் ராஜேந்திரனும் அந்தக் கரையில் 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு சொத்து போயிற்று, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், முன்னால் எவ்வளவு மரம் என்று பட்டியலிட்டார்கள். காடு சுனாமியின் பாதிப்பைக் குறைத்தது என்பது 2005இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் முடிவு. நம் மண்ணில், நம் ஆட்கள், களத்துக்கே போய்ச் செய்த வேலை. படித்தபோது பெருமையாக இருந்தது.

பெரும்பாலோர் இந்த இடத்தில் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். நாம் விரும்பிய பதில், ஆய்விதழின் முத்திரையோடு கிடைத்துவிட்டதே! நான் இன்னும் ஒரு படி போனேன். கூகுள் ஸ்காலரில் எந்தக் கட்டுரைக்குக் கீழேயும், அதை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து, மறுப்பு, கருத்துரை, பதில் என்ற பொருள் வரும் தலைப்புகளைத் தேட வேண்டும். காசு கொடுத்துத்தான் முழுக் கட்டுரையையும் படிக்க முடியும் என்றாலும் சுருக்கம் இலவசம். ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினால் பலரும் முழுப் பிரதியையே அனுப்பிவைப்பார்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மறுப்பு கிடைத்தது. 2006இல் கெர், பேர்ட், கேம்பல் என்ற மூவர், கதிரேசனின் அதே 18 குப்பங்களின் அதே எண்களை எடுத்து வேறு விதமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரே உயரத்தில், கடலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் குப்பங்களை ஒப்பிட்டால், மரம் கூடுதலா குறைவா என்பது உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்பது அவர்கள் வாதம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், சர்ச்சையின் உயிர்நாடியே இங்கேதான். அலையாத்தி திறந்த கடற்கரை மணலில் வளர்வதில்லை. உப்பங்கழியிலும் முகத்துவாரத்துச் சேற்றிலும்தான் வளரும். ஆகவே அலையாத்திக்குப் பின்னால் இருக்கும் ஊர், பெரும்பாலும் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான் இருக்கும். அந்த ஊர் தப்பித்தால் அது காட்டினாலா, தூரத்தினாலா? இரண்டும் சேர்ந்தே வருவதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. படத்தில் காடு மட்டும்தான் தெரியும், தூரமும் மேடும் தெரியாது. 

பட்டினச்சேரியில் எனக்குப் பழக்கமான மீனவப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆய்வுக் கட்டுரை எதையும் அறியாதவர் அவர். "வாத்தியாரே, மரத்த விடுங்க. மேட்டுல வூடு இருந்தவன் பொழச்சான், பள்ளத்துல இருந்தவன் போனான். மணல் மேட்ட வெட்டி எடுத்த எடத்துலதான் தண்ணி மொதல்ல உள்ள பூந்துச்சு" என்றார். அவர் பேச்சை வைத்து மறுப்புக் கட்டுரை சரி என்று முடிவு கட்ட முடியாது. ஒருவர் கண்டது ஒரு கரையின் கதை. ஆனால் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதை அந்தப் பேச்சு எனக்குக் காட்டியது. இரண்டு ஊர்களை ஒப்பிட்டு யாராவது முடிவு சொன்னால், அந்த இரண்டுக்கும் இடையே வேறு என்னென்ன வித்தியாசம் என்று கேளுங்கள். மருந்து, உரம், உணவு எதைப் பற்றிய செய்தியானாலும் இந்தக் கேள்வியைப் போடலாம்.

மறுப்போடும் கதை முடியவில்லை. அதே 2006இல் வெர்மாட், தம்பான்யா என்ற இருவர் அதே தரவை மறுபடி அலசி, அலையாத்தி பாதிப்பைக் குறைத்தது என்று எழுதினார்கள். இந்த இடத்தில் சோர்ந்துபோய், 'விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை, ஆளுக்கொன்று சொல்கிறார்கள்' என்று கைவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பெரிய தவறு. சண்டை போடுகிறவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும் உயிரைக் காத்தன என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. மரம் அதற்கு மேல் எவ்வளவு சேர்த்தது என்பதில்தான் தகராறு. உயிர் பிழைக்க வழி தேடும் எனக்கு அந்த ஒத்த கருத்தே பாதி விடை.

மீதி விடை ஒடிசாவிலிருந்து வந்தது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலை சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் இருவரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். கேந்திரபாரா மாவட்டத்தில் பல நூறு கிராமங்கள். தூரம், உயரம் போன்ற மற்றக் காரணங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்தார்கள். அப்படியும் காடு உயிர்களைக் காத்தது தெளிவாகத் தெரிந்தது. பதினெட்டுக் குப்பத்துக்கும் பல நூறு கிராமத்துக்கும் உள்ள பலம் வேறு. ஆனால் இதையும் சுனாமிப் படத்துக்குக் கீழே ஒட்டிவிடக் கூடாது. புயல் அலையைக் காற்று தள்ளிக்கொண்டு வருகிறது. சுனாமியில் கடலின் அடிவரை உள்ள தண்ணீர் முழுவதும் நகர்ந்து வருகிறது. ஒன்றைத் தடுத்தது மற்றதையும் அதே அளவுக்குத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு அதில் என்ன ஆதாயம் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். சுனாமிக்குப் பின் 'பசுமை அரண்' என்ற பெயரில் தமிழ்நாட்டுக் கரையெங்கும் சவுக்கு நடப்பட்டது. கட்டுரைகள் பேசியது பெரும்பாலும் அலையாத்தி பற்றி, நடப்பட்டதோ மணலில் சவுக்கு. நெருக்கமான சவுக்குத் தோப்பு பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரையைக் கெடுக்கிறது என்று ஆமை ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். இயற்கையான மணல் மேடு இருந்த இடத்தை நிரவி மரம் வைத்தால் அது பாதுகாப்பைக் கூட்டுமா குறைக்குமா என்ற கேள்வியும் எழுந்தது. திட்டம் நடத்துகிறவர் தனக்குச் சாதகமான ஆய்வை மட்டும் காட்டுவார், எதிர்ப்பவரும் அப்படியே. ஆனால் ஆதாயம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. ஆதாயம் தெரிந்தால் கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவே.

அரசு முத்திரையைப் பார்த்தும் அதே கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 30, பிணங்களை இன்னும் தேடிக்கொண்டிருந்த நேரம். மறுபடி சுனாமி வரலாம் என்று தில்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. கரையெங்கும் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். பின்னால் பார்த்தால், நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று உரிமை கொண்டாடிய ஒரு அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் கணிப்புதான் அதற்கு அடிப்படை. அன்றைய அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று மறுத்தார். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன அளவில் நிலநடுக்கம் வரும் என்று சொல்லும் முறை இன்றுவரை எந்த நாட்டிலும் இல்லை. தேதி போட்டு நிலநடுக்கமோ சுனாமியோ சொல்லும் எந்தக் காணொளியையும் முழுதும் பார்க்கவே தேவையில்லை.

நிலம் அதிர்ந்த பிறகு சுனாமி வருமா என்று சொல்வது வேறு, அது முடியும். 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அதைச் செய்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை விட்டு, கடல் மட்டக் கருவிகளைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பப் பெற்றார்கள். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று அன்று பேசியவர்கள் உண்டு. அந்த அதிர்வில் நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவின, கடலடி பெரிதாக மேலெழவில்லை. அதனால் பேரலை கிளம்பவில்லை. புதுத் தகவல் வந்ததும் தன் பேச்சைத் தேதியோடும் நேரத்தோடும் திருத்திக்கொள்ளும் இடத்தைத்தான் நான் நம்புகிறேன். ஒரு வலைத்தளத்துக்குள் நுழைந்தால் எழுதியவர் பெயர், தேதி, பழைய தவறுகளுக்கான திருத்தக் குறிப்பு மூன்றையும் முதலில் தேடுங்கள். 'பன்னாட்டு ஆய்விதழ்' என்று தலைப்பில் போட்டிருப்பது ஒன்றுக்கும் உதவாது. பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்கள் ஏராளம். படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு அது முதலில் எங்கே, எப்போது வெளியானது என்று பாருங்கள். விக்கிபீடியாவில் கட்டுரையைவிட அதன் அடிக்குறிப்புகளே நமக்கு வேலைக்கு ஆகும்.

அந்த மாணவிக்கு நான் எழுதிக் கொடுத்த பேச்சில் காடு இருந்தது. மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் நாற்றங்கால் அது, மண் அரிப்பைத் தடுக்கிறது, புயல் அலையில் உயிர் காத்ததற்கு வலுவான சான்று உண்டு என்று இருந்தது. சுனாமியில் அது எவ்வளவு காத்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்ற வரியும் இருந்தது. "இத சொன்னா மார்க் கொறைஞ்சிடுமா சார்?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னதற்குக் குறைந்தால் குறையட்டும் என்றேன். அவளும் அப்படியே பேசினாள்.

கரையோரம் வாழ்கிற எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இது. அலையாத்தியைக் காப்பாற்றுங்கள், மணல் மேட்டை வெட்ட விடாதீர்கள். ஆனால் நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, இன்காய்ஸ் எச்சரிக்கை வந்தாலோ, மரத்தை நம்பி நிற்காமல் மேட்டுக்கும் உள்நாட்டுக்கும் ஓடுங்கள். 2004இல் நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. காட்டுக்குச் சாதகமான அந்த ஒடிசா ஆய்விலேயே, காடு காத்த உயிர்களைவிட முன்னெச்சரிக்கை காத்த உயிர்கள்தான் அதிகம்.