தடேயஸ் ஸ்டீவன்ஸ்: கல்வியும் சமத்துவமும்

ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போரைப் பற்றி எண்ணுந்தோறும் ஆபிரகாம் லிங்கனின் பெயரே நம் நினைவில் முன்னிற்கும். அவர் காலத்திலே மக்கட் சபையில் இருந்து, அடிமை ஒழிப்பிற்கும் சமவுரிமைக்கும் சட்டவடிவு கொடுக்க உழைத்த தடேயஸ் ஸ்டீவன்ஸ் என்பாரை நம்மிற் பலர் அறியார். அன்னாரின் வாழ்க்கை மாணவர் கற்றற்குரியது.

1792 ஆம் ஆண்டு வேர்மொன்ற் மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில், வறிய குடும்பமொன்றிலே, கோணிய பாதத்துடன் அவர் பிறந்தார். தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டகல, தாயார் சாராவே அரும்பாடுபட்டு மகனைக் கற்பித்தார். 1814 இல் டாட்மத் கல்லூரியிற் கல்வியை நிறைவுசெய்து, பென்சில்வேனியாவிற் சிறிது காலம் ஆசிரியராயிருந்து, பின்னர் கெற்றிஸ்பேர்க் நகரில் வழக்கறிஞரானார்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்றை நாம் மறைத்தலாகாது. 1821 இல், சாரிட்டி பட்லர் என்னும் அடிமைப் பெண் விடுதலை கோரிய வழக்கில், ஸ்டீவன்ஸ் உடைமையாளர் பக்கம் நின்று வாதாடி வென்றார். அப்பெண் விடுதலை பெற்றிலள். பிற்காலத்திலோ, தப்பியோடி வந்த அடிமைகளுக்குத் துணைநின்று வாதாடுபவராக அவர் மாறினார்.

1834 இல் பென்சில்வேனியா, பொதுப் பள்ளிகளை நிறுவச் சட்டமியற்றியது. அதற்கு முன்னர், வறியரெனப் பெயர் பதிந்தோரின் பிள்ளைகளுக்கே அரசாங்கம் கட்டணஞ் செலுத்திற்று. வரிச்சுமைக்கு அஞ்சியோர் எதிர்க்கவே, 1835 இல் மாநில மேற்சபை அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது. ஏப்பிரல் 11 ஆம் நாள் கீழ்ச்சபையில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். வறுமையைப் பறைசாற்றினாலன்றிக் கல்வி கிட்டாதென்பது ஏழைக்கு இடப்படும் சூட்டுக்குறியே என்றார். தாம் ஒருபோதும் புகாத சிறைச்சாலைக்கு வரி கொடுப்போர், பள்ளிக்குக் கொடுக்க மறுத்தல் முறையன்றென்றும் வாதித்தார். சட்டம் பிழைத்தது.

போர்க்காலத்தில் மக்கட் சபையின் வருவாய்க் குழுத் தலைவராய்ப் போர்ச்செலவுக்கு நிதி திரட்டும் பொறுப்பை ஏற்றார். 1865 இல் அடிமைமுறையை ஒழித்த 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்கும், 1868 இல் உறுதியான 14 ஆம் திருத்தத்துக்கும் அயராது உழைத்தார். எனினும், தென்மாநிலப் பெருநிலக்காரரின் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் பகிரவேண்டும் என்ற அவரது திட்டம் தோற்றது. சட்டத்தால் விடுதலை பெற்றோர் பிறர் நிலத்திலே வாரக்குடிகளாய்த் தலைமுறை தலைமுறையாக வாடினர்.

1868 ஆகஸ்ட் 11 ஆம் நாள் அவர் மறைந்தார். நிறபேதம் பாராட்டிய இடுகாடுகளை விலக்கி, எல்லா இனத்தாருக்கும் இடமளித்த லங்காஸ்டர் நகரத்துச் சிற்றிடுகாடொன்றையே அவர் தெரிந்திருந்தார். அதற்குக் காரணம் மானிட சமத்துவமே எனக் கல்லறைக்குரிய வாசகத்தையும் தாமே எழுதிவைத்தார். அவர் விட்டுச்சென்ற நிதியால் 1905 இல் தோன்றிய தொழிற்பள்ளி, இன்று அவர் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரியாய் அந்நகரில் விளங்குகின்றது.

1954 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிகளில் மாணவரை நிறத்தாற் பிரித்தல் ஆகாதெனத் தீர்ப்பளித்தபோது, அதற்கு ஆதாரமாய் அமைந்தது அந்த 14 ஆம் திருத்தமே. பள்ளியின் கதவைத் திறக்க 1835 இல் வாதாடியவரின் பணி, அவர் மறைந்து 86 ஆண்டுகளின் பின்னரும் பள்ளியின் கதவைத் திறந்தது. கல்வியை அனைவர்க்கும் உரியதாக்காத சமத்துவம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே அவர் வாழ்விலிருந்து நாம் கற்கும் பாடமாகும்.