எதை அணைத்தால் எது நிற்கும்: வீட்டு மின்சாரத்துக்கு ஒரு வரைபடம்

எங்கள் வீட்டு டிபி பாக்ஸில், அதாவது மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டியில், பன்னிரண்டு எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கின்றன. ஒயரிங் முடிந்த நாளில் யாரோ பேனாவால் எழுதிய 'ஹால்', 'கிச்சன்', 'பெட் 1' எல்லாம் பாதி அழிந்துவிட்டன. போன ஆண்டு ஹால் ஃபேன் ரெகுலேட்டரை மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். 'ஹால்' என்றிருந்ததை நானே கீழே இறக்கிவிட்டு, "ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்றேன். போர்டைக் கழற்றியவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். அந்த ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் என் வார்த்தையை நம்பித்தான் கை வைத்தார் என்பது இன்றும் உறுத்துகிறது. எந்த லைட், ஃபேன், பிளக் பாயின்டுக்கு எதை அணைக்க வேண்டும் என்று காட்டும் ஒரு கருவியை அந்த வாரமே செய்யத் தொடங்கினேன்.

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் மூன்று தாள், ஒரு வீட்டுப் படம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இதே அமைப்பை மொபைல் செயலியாகவும் செய்யலாம்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

இந்தக் கருவியிடம் கேட்கப்போவது இரண்டே கேள்விகள். இந்த எம்.சி.பி. டிரிப் ஆனால் எதெல்லாம் நிற்கும்? இந்த பாயின்டில் கை வைக்க எதை அணைக்க வேண்டும்? டிபி பாக்ஸில் ஒட்டும் பெயர்ச்சீட்டு முதல் கேள்விக்கு மட்டும் அரைகுறையாகப் பதில் சொல்கிறது. உயிர் சம்பந்தப்பட்டது இரண்டாவது. அதை மனதில் வைத்தே தாள்களை அமைக்க வேண்டும்.

மூன்று தாள்கள்

பலரும் செய்யும் தவறு, 'இந்த சுவிட்ச் போர்டு, இந்த எம்.சி.பி.' என்று எழுதுவது. எங்கள் சமையலறை போர்டையே பாருங்கள். லைட் இன்வெர்ட்டரில், மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பிளக் 4-ஆம் எம்.சி.பி.யில், பக்கத்திலேயே இருக்கும் 16 ஆம்பியர் பிளக் 7-இல். ஒரே போர்டுக்குள் மூன்று வழிகளில் மின்சாரம் வருகிறது. ஆகவே கணக்கு போர்டுக்கு அல்ல, ஒவ்வொரு பாயின்டுக்கும்.

முதல் தாள் பாயின்டுகளுக்கு: குறியீடு, அறை, வகை, வாட். குறியீட்டில் அறை, போர்டு எண், இடமிருந்து எத்தனையாவது என்பது தெரிய வேண்டும். 'சமை-2-3' என்றால் சமையலறையில் இரண்டாவது போர்டில் மூன்றாவது.

இரண்டாம் தாள் அணைப்பான்களுக்கு: எம்.சி.பி. எண், ஆம்பியர், ஃபேஸ். இன்வெர்ட்டருக்கும் இதில் தனி வரி உண்டு.

மூன்றாவதுதான் இந்தக் கருவியின் உயிர். இதில் இணைப்புகள் மட்டும்: ஒரு வரியில் ஒரு பாயின்ட், ஒரு அணைப்பான், சோதித்த தேதி. இதற்கு ஏன் தனித் தாள்? இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் ஒரு ஃபேனை முழுதாக நிறுத்த, இன்வெர்ட்டருக்குப் போகும் எம்.சி.பி.யையும் அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். எம்.சி.பி.யை மட்டும் அணைத்தால் பேட்டரி எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால், பல மாடல்களில் மெயின் மின்சாரம் அப்படியே உள்ளே நுழைந்து வெளியே போகும். ஆக, ஒரு பாயின்டுக்கு இரண்டு வரிகள். ஒரு கட்டத்தில் குறியீட்டைக் கொடுத்தால் அதற்குரிய எல்லா வரிகளும் வந்து நிற்கும்படி ஃபில்டர் ஃபார்முலா ஒன்று போட்டுவிடுங்கள்.

வீட்டைச் சுற்றி வருதல்

பகலில் செய்யுங்கள். கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிடுங்கள். வீட்டில் மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் அதற்கு முதலில் மாற்று ஏற்பாடு வேண்டும். டிபி பாக்ஸின் உள்மூடியைக் கழற்றத் தேவையே இல்லை, கழற்றவும் கூடாது. வெளியே தெரியும் நெம்புகோல்கள் போதும்.

முதல் சுற்றில் மெயினை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரை ஓடவிட்டு, எது எரிகிறது, எது சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் இன்வெர்ட்டர் லைன். அடுத்த சுற்றில் மெயினைப் போட்டு, எல்லா லைட்டையும் ஃபேனையும் ஓடவிட்டு, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒருவர் டிபி பாக்ஸ் அருகில், இன்னொருவர் போனைக் காதில் வைத்தபடி அறை அறையாக. பிளக் பாயின்டுகளுக்கு ஒரு நைட் லேம்ப் போதும். தனியாக இருந்தால் ரேடியோவைச் செருகிச் சத்தமாக வையுங்கள். பாட்டு நின்றால் அதுதான். இன்வெர்ட்டர் பாயின்டுகள் இந்தச் சுற்றில் நிற்காது. எந்த எம்.சி.பி.யை இறக்கும்போது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுகிறது என்பதைக் கவனித்தால், அதற்கு மின்சாரம் தருவது எது என்று தெரிந்துவிடும்.

சோதித்த பாயின்டுக்கு மட்டும் தேதி போடுங்கள். 'பக்கத்துப் பிளக் இதில்தானே, இதுவும் இதில்தான் இருக்கும்' என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்குத் தேதியை வெறுமையாக விடுங்கள். தேதி உள்ள வரி பச்சையாகவும், தேதி இல்லாதது சாம்பல் நிறத்திலும் இருக்கட்டும்.

ஃபேஸ்

மூன்று ஃபேஸ் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் மாற்றிக்கொள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஆகவே தாளில் எழுதும் ஃபேஸ் 'வழக்கமான ஃபேஸ்' மட்டுமே. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் படத்தில் ஃபேஸுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். எலக்ட்ரீஷியனின் கண் அதற்குப் பழகியது.

படம்

கட்டுமான வரைபடம் கிடைக்காவிட்டால் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்து போட்டோ எடுங்கள். படத்தில் ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். செயலியாகச் செய்கிறவர்கள், புள்ளிகளின் இடத்தைப் படத்தின் அகல உயரத்தில் இத்தனை சதவீதம் என்று சேமிக்க வேண்டும். அப்போதுதான் சின்னத் திரையில் பார்த்தாலும் புள்ளி சுவரை விட்டு நகராது. புள்ளியைத் தொட்டதும் அணைக்க வேண்டியவை பெரிய எழுத்தில் வர வேண்டும். வாட், ஃபேஸ் எல்லாம் அதற்குக் கீழே.

சுமைக் கணக்கு

வாட் விவரம் இருப்பதால் இது கூடுதல் பலன். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 16 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்க அதன் அளவு 3,680 வாட். 2,000 வாட் கீசரும் 1,500 வாட் கெட்டிலும் ஒரே எம்.சி.பி.யில் இருந்தால் 3,500 ஆகிவிடும். கூட்டுத்தொகை எம்.சி.பி.யின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டினால் கட்டம் நிறம் மாறும்படி செய்யுங்கள். நிறம் மாறினால் சுமையைப் பிரிக்க வேண்டும். பெரிய எம்.சி.பி. மாட்டுவது தீர்வு அல்ல. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் போகும் ஒயரை. ஒயரை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்கினால், டிரிப் ஆவதற்குள் ஒயர் சூடேறி இன்சுலேஷன் உருகும்.

மின்சாரம் இல்லாத நேரத்தில்

இந்தக் கருவி அதிகம் தேவைப்படுவது வைஃபையும் நின்றுபோன இருட்டில். ஷீட்டை மொபைலில் ஆஃப்லைனில் திறக்கும்படி வையுங்கள். ஒரு பிரதியை அச்சடித்து, லேமினேட் செய்து, டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வீட்டுப் பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்கு எழுத்து இருக்கட்டும். எங்கள் பிரதியின் தலையில் எழுதியிருப்பது: 'அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்கவும்.'

புதிதாக ஏ.சி. பாயின்ட் இழுத்தாலோ போர்டு மாற்றினாலோ, எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன் அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த எம்.சி.பி.யை இறக்கிப் பாருங்கள். அன்றைய தேதியைத் தாளில் போட்டுவிட்டு, கதவில் ஒட்டியதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.