க்யூஎல்இடியா, ஓஎல்இடியா? முதலில் உங்கள் ஹாலைப் பாருங்கள்

நம்பிக்கை: எல்இடியைவிட க்யூஎல்இடி உயர்ந்தது, க்யூஎல்இடியைவிட ஓஎல்இடி உயர்ந்தது.

பல மாதத் தவணையில் டிவி வாங்கும் குடும்பங்களிடம் இந்த வரிசையைச் சொல்லித்தான் ஷோரூமில் விலையை ஏற்றுகிறார்கள். ஆனால் இவை ஒரே ஏணியின் படிகள் அல்ல. எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் எல்சிடி டிவிதான். எல்சிடி பேனல் தானாக ஒளிராது. பின்னால் எரியும் எல்இடி விளக்குகளின் ஒளியைத் தடுத்தும் விட்டும் படம் காட்டுகிறது. க்யூஎல்இடியும் அதேதான். நீல விளக்குக்கு முன்னால் குவாண்டம் துகள்கள் கொண்ட ஒரு படலம் கூடுதலாக இருக்கும். அது நீல ஒளியில் ஒரு பகுதியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவதால் நிறங்கள் நன்றாகத் துலங்கும். இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்குத்தான் பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஓஎல்இடி வேறு குடும்பம். அதில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையிலுள்ள சுமார் 83 லட்சம் பிக்சல்களில் ஒவ்வொன்றும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால் இரவுக் காட்சியில் இருட்டு இருட்டாகவே தெரியும். எல்சிடியில் பின்னொளி கசிந்து கறுப்பு சாம்பலாகிவிடும். அந்தக் கசிவைக் குறைக்க வந்ததுதான் மினி எல்இடி: அதுவும் எல்சிடியே, ஆனால் ஏராளமான சிறு விளக்குகளைப் பகுதி பகுதியாக மங்கச் செய்கிறது.

நம்பிக்கை: காசு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓஎல்இடி வாங்கலாம்.

வாசற்கதவும் ஜன்னலும் திறந்திருக்கும் ஹாலில், பகல் வெளிச்சத்தில் சீரியலும் கிரிக்கெட்டும் ஓடும் வீடா? திரை முழுக்கப் பிரகாசமான காட்சி வரும்போது ஓஎல்இடி தன் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அங்கே நல்ல மினி எல்இடி டிவியே பொருத்தம். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு ஓஎல்இடிக்கு நிகர் இல்லை என்பேன். யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். எல்சிடியில் விஏ என்ற வகைப் பேனல் நேரில் நல்ல கறுப்பு தரும், பக்கவாட்டில் வெளிறும். ஐபிஎஸ் என்ற வகைப் பேனல் ஓரத்தில் இருப்பவருக்கும் நிறம் காட்டும், கறுப்பில் பின்தங்கும். பாட்டி ஒரு மூலையிலும் பிள்ளைகள் தரையிலுமாகப் பார்க்கும் வீட்டில் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நம்பிக்கை: ஓஎல்இடியில் ஒரே வருடத்தில் தழும்பு விழுந்துவிடும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. ஒளி தருவது கரிமச் சேர்மம். அதிகம் எரியும் இடம் சீக்கிரம் தேயும். செய்திச் சேனலின் இலச்சினையும் அடியில் ஓடும் பட்டையும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் அங்கே நிழல் படியக்கூடும். காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம். பலதையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை.

இதில் நம் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. சில மணி நேரம் ஓடிய ஓஎல்இடி டிவி, ரிமோட்டில் அணைத்தபின் தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். நாமோ உடனே சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். இடி மின்னலின்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். மற்ற நாட்களில் சுவிட்சை விட்டுவையுங்கள்.

நம்பிக்கை: 4கே டிவி வாங்கினால் எல்லாச் சேனலும் தெளிவாகத் தெரியும்.

சாதாரண எஸ்டி சேனலில் ஒரு காட்சிக்கு அதிகபட்சம் 720×576 புள்ளிகள்தான். 4கே திரையில் அதைப்போல் 20 மடங்கு. ஒரு புள்ளியை வைத்து இருபதை டிவி ஊகித்து நிரப்புகிறது. திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஊகம் கண்ணில் உறுத்தும். முதலில் செட்டாப் பாக்ஸையும் சந்தாவையும் எச்டிக்கு மாற்றுங்கள். 8கே பற்றி யோசிக்கவே வேண்டாம்: 65 அங்குலத் திரையில் அந்த நுணுக்கம் முழுவதும் தெரிய இரண்டடி தூரத்தில் உட்கார வேண்டும்.

நம்பிக்கை: பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருந்தால் போதும்.

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் சிக்னல். அதை டிவி ஏற்கும் என்பதற்கு மேல் அதில் உறுதி எதுவும் இல்லை. போதிய வெளிச்சம் இல்லாத மலிவான பேனலில் அதன் பலன் தெரியாது.

நம்பிக்கை: ஷோரூமில் பளிச்சென்று தெரிவதே சிறந்த டிவி.

அங்கே எல்லா டிவியையும் ‘விவிட்’ என்ற பயன்முறையில், வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த சினிமாவை, இடையில் பிரேம்களைச் செருகி வழவழப்பாக்கும் வசதியும் சேர்ந்தே இயங்கும். அதை வீட்டில் அணைத்துவிடும்படி 2018-இல் நடிகர் டாம் குரூஸே வீடியோ வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார். கடைக்காரரிடம் ரிமோட்டை வாங்கி சினிமா பயன்முறைக்கு மாற்றுங்கள். இருட்டான காட்சி ஒன்றை ஓடவிட்டு, நேரே ஒருமுறையும் பக்கவாட்டில் ஒருமுறையும் நின்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.