படத்தின் பின்புறம்

மேற்கு வங்காளத்தின் கரக்பூரை அடுத்த ஹிஜ்லியில், 1951ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றது. ஆங்கிலேயர் விடுதலை வீரர்களை அடைத்துவைத்த தடுப்பு முகாமே அதன் முதற்கட்டடம் ஆயிற்று.

புதிய வளாகத்தின் விழா மேடைகளை அலுவல்முறைப் படங்கள் காட்டும். சாரம் கட்டிய சுவரையும் விடுதியின் துணிக்கொடியையும் மாணவரே படம்பிடிப்பர். கோபுரமுடைய அப்பழைய கட்டடத்தின்முன் நண்பர் நால்வர் சிரித்து நிற்கும் படம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அம்முகாமில் 1931 செப்டம்பர் 16 அன்று, காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் கைதிகள் இருவர் உயிர்துறந்தனர். படம் அதனைச் சொல்லாது. பின்புறம் இடமும் நாளும் பெயர்களும் எழுதப்பட்டிருந்தால்தான், அஃது எந்தச் சுவர் எனப் பின்வருவோர் அறிவர்.

பயிற்சி: உங்கள் பள்ளியின் பழைய படமொன்றில் நிற்போர் யாவர் எனக் கேட்டறிந்து, அதன் பின்புறம் எழுதுக. மை ஊறிப் படத்தைக் கெடுக்கும், பென்சிலே நன்று.