வலையுலகின் ஆற்றுப்படை

ஆறு என்னுஞ் சொற்கு வழி என்பதும் ஒரு பொருள். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்குத் தான் சென்ற வழியைக் கூறிச் செலுத்துதல் ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. இன்டர்நெட்டிலும் இத்தகைய ஆற்றுப்படை இடையறாது நிகழ்கின்றது. அதனைச் செய்யுங் கருவி ரௌட்டர்.

விளாங்குடியிலிருந்து இலண்டனுக்கு விடுக்கும் ஓலை சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டுப் பல ரௌட்டர்களைக் கடந்து செல்லும். ஒவ்வொரு ரௌட்டரும், அடுத்து எதனிடம் ஒப்படைப்பது என்பதை மட்டுமே துணிந்து விடுக்கும்.

அத்துணிவு பிறக்கும் முறை பெரும்பாலும் இருவகைத்து. ஒன்று, அண்டையார் சொற்கேட்டு அறிதல். ரிப் என்னும் முறையில், 'இன்ன வலைக்கு என்வழி இத்தனை படி' என ஒவ்வொன்றும் 30 வினாடிக்கு ஒருமுறை அண்டைக்கு உரைக்கும். வழி அற்றபின்னும், இரண்டு ரௌட்டர்கள் ஒன்றன் பழஞ்சொல்லை மற்றொன்று நம்பிப் படியெண்ணைக் கூட்டிக்கொண்டே செல்லுதல் கூடும். அம்மயக்கத்திற்கு எல்லையாகவே, 15 படிக்கு மேற்பட்டது எட்டா வலை என விதித்தனர்.

மற்றொன்று, ஒவ்வொன்றும் தன் இணைப்புக்களின் நிலையை எல்லாவற்றிற்கும் பறைசாற்ற, யாவும் ஒரே படத்தை வரைந்து குறுவழியைத் தாமே கணித்தல். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணிதமுறை இதற்கு அடிப்படை. வைகைப் பாலம் ஒன்று அடைபட்டதெனக் கேட்ட விளாங்குடியார், ஊர்ப்படத்தை உள்ளத்திற்கொண்டு வேறு பாலத்தை நாடுதல் போல்வது இது.

பெருவலைகட்கு இடையே வழங்குவது 1989-இல் தோன்றிய பி.ஜி.பி. முறை. இதில் வழியிலுள்ள வலைகளின் எண்வரிசையும் உரைக்கப்படும். தன் எண்ணை அதிற் காணும் வலை, அது சுழல்வழி எனத் தள்ளும்.

2008 ஜனவரி 30-இல் அலெக்ஸாந்திரியாவின் அருகே இரு கடலடிக் கம்பிகள் பழுதுற்றன. அவற்றுள் ஒன்று சென்னையையும் மும்பையையும் மேனாடுகளோடு இணைப்பது. இந்திய இணைப்பு பெரிதும் தளர்ந்தது. எனினும் முற்றும் அறவில்லை. நிறுவனத்தார் கிழக்கே பசிபிக் மாகடல் வழியை நாட, அச்செய்தி ரௌட்டர்களிடையே பரவிப் பொட்டலங்கள் திசைமாறிச் சென்றன.

நிற்க. அவ்வாண்டு பிப்ரவரி 24-இல் பாகிஸ்தான் டெலிகாம், யூட்யூபைத் தன் நாட்டகத்தே தடுக்கக் கருதி அமைத்த பொய்வழி புறத்தே கசிந்தது. பிற வலைகள் அதனை நம்பி மேலும் பரப்பின. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் உலகின் பல பகுதிகளில் யூட்யூப் எட்டாதாயிற்று. கம்பி ஒன்றும் அறவில்லை, சொல்லே பிழைத்தது. இக்காலத்து, வழியுரைக்கும் உரிமை உடையார் இன்னார் என்பதை முத்திரைச் சான்றால் ஆராயும் முறை பரவி வருகின்றது.

பாணன் கூறியது தான் நடந்தறிந்த வழி. ரௌட்டர் கூறுவதோ பெரும்பாலும் கேட்டறிந்த வழி. ஆதலின், விரைந்து உரைத்தலோடு ஆராய்ந்து ஏற்றலும் வலையுலகிற்கு இன்றியமையாததாம்.